போர்ட் மக்குவாரியில் நண்பர் வீட்டில் தங்கி விலங்குகள் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியிலிருந்து வடக்கே சுமார் 390 கிலோமீட்டர் தள்ளி, ஹேஸ்டிங்ஸ் ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது போர்ட் மக்குவாரி. பிர்பாய் பழங்குடி மக்களின் மண். 1821இல் ஆங்கிலேயர்கள் இங்கே கைதிகளுக்கான குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். இன்று அமைதியான கடற்கரை ஊர். என் கல்லூரித் தோழி அங்கே நர்ஸாக இருக்கிறாள். சிட்னியில் இருக்கும் நான் விடுமுறை கிடைத்தால் அவள் வீட்டுக்குத்தான் போவேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் கிளம்புவதற்கு முன் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் நண்பர் வேறு கடற்கரை ஊரில் இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கேள்வி: சிட்னியிலேயே பெரிய மிருகக்காட்சி சாலை இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

மிருகக்காட்சி சாலையில் நம் நேரத்துக்கு விலங்கு இருக்கும். போர்ட் மக்குவாரியில் விலங்கின் நேரத்துக்கு நாம் போக வேண்டும். இரண்டும் வேறு அனுபவம். இங்கே கோவாலாக்கள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே வாழ்கின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், வீட்டுக் கொல்லையில், சாலையோரத்தில் பார்க்கலாம். ஆற்று முகத்துவாரத்துக்குள் டால்ஃபின்கள் வந்து போகும். குளிர்காலத்தில் கரையில் நின்றபடியே திமிங்கலம் பார்க்கலாம்.

அங்கே வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. எந்த மரத்தில் போன வாரம் கோவாலா உட்கார்ந்திருந்தது, எந்தத் தெருவில் மேக்பை பறவை தலையில் கொத்த வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சுற்றுலாப் பேருந்தில் வந்து ஒரே நாளில் ஓடுகிறவருக்கு இது கிடைக்காது. குறைந்தது நான்கு நாள் தங்குங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் வருவது நல்லது?

திமிங்கலம்தான் முக்கியம் என்றால் மே கடைசி முதல் ஜூலை வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். முதல் பருவத்தில் அண்டார்டிக் கடலிலிருந்து குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான கடலுக்கு வடக்கே போகும். இரண்டாவதில் குட்டிகளோடு தெற்கே திரும்பும். கோவாலாவுக்கு செப்டம்பரிலிருந்து நல்ல காலம். இனப்பெருக்கப் பருவம் என்பதால் ஆண் கோவாலாக்கள் அதிகம் நடமாடும், ராத்திரியில் சத்தம் போடும். அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அப்படியொரு உறுமல் வரும் என்று முதல் தடவை கேட்பவர்கள் நம்பவே மாட்டார்கள்.

டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறை. ஊர் நிரம்பி வழியும், வெயிலும் அதிகம். கடலில் குளிக்க வேண்டுமென்றால் சரி, விலங்குக்காக என்றால் நான் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் செப்டம்பர் பின்பாதி. ஒரே வாரத்தில் திமிங்கலமும் கோவாலாவும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: விசாவுக்கு நண்பரின் கடிதம் வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 600 எண் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் அவரிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வாங்கி இணைப்பது உதவும். முகவரி, எத்தனை நாள் தங்குகிறீர்கள், செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் இணையவழிப் பயண அனுமதி போதும், வேலை சுலபம்.

கேள்வி: தோழிக்கு ஊரிலிருந்து கருவேப்பிலை, பால்கோவா, ஊறுகாய் கொண்டு போகலாமா?

பச்சைக் கருவேப்பிலை வேண்டவே வேண்டாம். பறித்துத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாலும் மோப்ப நாய் கண்டுபிடித்துவிடும். பால் சேர்த்த இனிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவில் கோமாரி நோய் இருப்பதால் பால் பொருள்களுக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது.

கடையில் வாங்கி, சீல் பிரிக்காத மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு மாதிரியானவற்றைக் கொண்டு வருவோர் நிறைய உண்டு. ஆனால் என்ன கொண்டு வந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் மோசமாகப் போனால் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் மாட்டினால் பெரிய அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும். செருப்பிலும் ஷூவிலும் மண் ஒட்டியிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள். இந்தக் கெடுபிடியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த முயலும் நரியும் பூனையும் இந்தக் கண்டத்தில் எத்தனை உயிரினங்களை அழித்துவிட்டன என்று தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: சிட்னியிலிருந்து எப்படிப் போவது?

விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். காரில் பசிபிக் நெடுஞ்சாலை வழியாக நான்கரை மணி நேரம் ஆகும், நடுவில் டீக்கு நிறுத்தினால் ஐந்து. ரயில் போர்ட் மக்குவாரி வரை போகாது. சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வாகோப் நிலையத்தில் இறங்கிப் பேருந்திலோ நண்பரின் காரிலோ வர வேண்டும். ரயிலுக்கு ஆறரை மணி நேரம் பிடிக்கும். அவசரமில்லாதவர்களுக்கு நல்ல பயணம்.

கேள்வி: நண்பர் வேலைக்குப் போகிறவர். அவருக்குச் சிரமம் கொடுக்காமல் எப்படித் தங்குவது?

இதைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது, சமையலும் பாத்திரமும் துணியும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு வேளைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என் தோழிக்கு நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்ததும் யாராவது சுடச்சுட ரசம் சாதம் போட்டால் போதும், நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டிகளை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு மூடி பொதுக் குப்பைக்கு, மஞ்சள் மறுசுழற்சிக்கு, பச்சை உணவுக் கழிவுக்கும் செடி கொடிக்கும். அப்புறம், விடியற்காலை விலங்கு பார்க்கக் கிளம்பும்போது அவரையும் எழுப்ப வேண்டும் என்றில்லை. கடற்கரை நடைபாதை சுமார் 9 கிலோமீட்டர், ஊரின் மையத்திலிருந்து டாக்கிங் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரை போகிறது. வழி தவறாது. தனியாகவே போய் வரலாம்.

கேள்வி: கோவாலாவை மரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் அண்ணாந்து பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை.

மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். மரத்தடியில் வேப்பங்கொட்டை மாதிரி நீளவாக்கில் புழுக்கைகள் கிடக்கும். புதிதாக இருந்தால் பச்சை கலந்த பழுப்பு நிறம், நசுக்கினால் நீலகிரித் தைலத்தின் வாசனை. தின்பது முழுக்க யூகலிப்டஸ் இலை என்பதால் அப்படி. அடுத்து மரப்பட்டையைப் பாருங்கள், வழவழப்பான பட்டையில் நகக்கீறல்கள் தெரியும். இந்த இரண்டும் இருந்தால் மட்டும் அண்ணாந்து, கிளை பிரியும் கவட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். காற்றில் எல்லாம் ஆடும்போது ஆடாமல் இருக்கும் சாம்பல் உருண்டைதான் அது.

எல்லா யூகலிப்டஸிலும் இருக்காது. டாலோவுட், ஸ்வாம்ப் மஹாகனி, ஃபாரஸ்ட் ரெட் கம் போன்ற சில வகைகளையே விரும்பித் தின்னும். நண்பரிடம் அந்த மரங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி. சத்து குறைந்த, நச்சுத்தன்மை உள்ள இலையைச் செரிக்கவே அதன் சக்தியெல்லாம் போய்விடுகிறது. கைதட்டி, விசிலடித்து எழுப்பப் பார்க்காதீர்கள்.

ஒரு கோவாலா தரையிலோ மரத்தின் அடிப்பகுதியிலோ வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால், கண்கள் சிவந்து நீர் வடிந்தால், பின்பக்க ரோமம் ஈரமாகப் பழுப்பேறி இருந்தால், அதற்கு உடம்பு சரியில்லை. கிளமிடியா என்ற தொற்று இவற்றைக் குருடாக்கும், மலடாக்கும். உடனே கோவாலா மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: கோவாலாவுக்கென்றே மருத்துவமனையா?

ஆமாம். 1973இல் ஜீன் ஸ்டார், மேக்ஸ் ஸ்டார் என்ற தம்பதி தொடங்கியது. ரோட்டோ ஹவுஸ் என்னும் பழைய மர வீட்டின் வளாகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடுகிறது. காரில் அடிபட்டவை, நாய் கடித்தவை, நோய் கண்டவை, தீயில் வெந்தவை எல்லாம் இங்கே வருகின்றன. உள்ளே வரும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். முதல் பெயர் கண்டெடுத்த இடம், இரண்டாவது கண்டெடுத்தவரோடு சேர்ந்தது. அதனால் பெயர்ப் பலகையைப் படித்தாலே அந்தக் கோவாலா எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

2019 இறுதியில் இந்தப் பகுதிக் காடுகள் எரிந்தபோது உலகமே இந்த மருத்துவமனையைப் பார்த்தது. காட்டில் தண்ணீர்த் தொட்டிகள் வைக்க 25,000 டாலர் கேட்டார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. இருந்தாலும் 2022 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் (போர்ட் மக்குவாரி இருக்கும் மாநிலம்), குவீன்ஸ்லாந்து, ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்கள் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. தீ ஒரு காரணம்தான். வீடுகளுக்காகவும் சாலைகளுக்காகவும் மரம் வெட்டுவது ஓயாத காரணம். அங்கே போனால் நன்கொடைப் பெட்டியைத் தாண்டிப் போகாதீர்கள். திறந்திருக்கும் நேரம் மாறக்கூடும், கிளம்புமுன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவாலாவைக் கையில் தூக்கிப் படம் எடுக்கலாமா?

நியூ சவுத் வேல்ஸில் அனுமதி கிடையாது. குவீன்ஸ்லாந்தில் சில இடங்களில் உண்டு, அங்கேயும் குறைந்து வருகிறது. மனிதர் கை படுவது அதற்குப் பெரிய அழுத்தம். அந்தப் படம் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கரையிலிருந்தே திமிங்கலம் தெரியுமா, அல்லது படகில்தான் போக வேண்டுமா?

தெரியும். டாக்கிங் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். 1879இல் கட்டிய, குட்டையான வெள்ளைக் கோபுரம். அது உயரமான பாறை முனையில் நிற்பதால் கடல் விரிந்து தெரியும். காற்றில்லாத காலை நேரம் சிறந்தது. அலை நுரைத்துக்கொண்டிருந்தால் எது அலை, எது திமிங்கலம் என்று புரியாது. அடிவானத்துக்கும் கரைக்கும் நடுவில் மெதுவாகப் பார்வையை ஓட்டுங்கள். புகை மாதிரி ஒரு வெள்ளை ஊற்று எழுந்து காற்றில் சாய்ந்து கலையும். அதுதான் அது மூச்சு விடுவது. பார்த்ததும் பைனாகுலரை அங்கே வையுங்கள். கறுத்த முதுகு வளைந்து உள்ளே போகும், கடைசியாக வால் எழும். வால் நேராக எழுந்தால் ஆழமாகப் போகிறது, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பலர் அந்த நிமிடங்களில் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். ஒருமுறை அப்படிக் காத்திருந்தபோது தாயும் குட்டியும் எங்களுக்கு நேர் கீழே எழுந்தன. குட்டி திரும்பத் திரும்பத் துள்ள, தாய் அசையாமல் பக்கத்தில் மிதந்தது. அன்று காலைச் சாப்பாடு மதியமாகிவிட்டது.

இவை ஹம்ப்பேக் திமிங்கலங்கள். 14, 15 மீட்டர் நீளம் வளரும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1962 வரை இவற்றை வேட்டையாடினார்கள். நிறுத்தியபோது மிஞ்சியவை சில நூறுதான். இன்று பல்லாயிரமாகப் பெருகியிருக்கின்றன. விட்டுவைத்தால் ஓர் இனம் மீண்டு வரும் என்பதை நேரில் காண இந்த முனையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

படகிலும் போகலாம். படகுகள் திமிங்கலத்துக்கு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், குட்டி இருந்தால் 300 மீட்டர் என்பது விதி. ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகு நன்றாகத் தூக்கிப் போடும். குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கங்காரு எங்கே?

ஊருக்குள் தேட வேண்டாம். தெற்கே கிரவுடி பே தேசியப் பூங்காவில் டயமண்ட் ஹெட் என்ற இடம் இருக்கிறது. அங்கே கூடாரங்களுக்கு நடுவிலேயே சாம்பல் கங்காருக்கள் புல் மேயும். மாலையில் போனால் பையிலிருந்து குட்டி தலையை நீட்டுவதையும் பார்க்கலாம். பெரிய ஆண் கங்காருவிடம் நெருங்காதீர்கள். நிமிர்ந்து நின்று மார்பைக் காட்டினால் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கேள்வி: மாலையில் கார் ஓட்டக் கூடாது என்கிறார்களே?

ஊருக்கு வெளியே, சூரியன் மறையும் நேரமும் விடியும் நேரமும்தான் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். முடிந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று குதித்து வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், நேர்கோட்டிலேயே பிரேக் போடுங்கள். திருப்பி மரத்தில் மோதியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டு இறந்து கிடக்கும் பெண் விலங்கின் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்தி, வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பை 1300 094 737 எண்ணில் அழையுங்கள். இந்தப் பகுதியில் ஃபாவ்னா என்ற அமைப்பும் இருக்கிறது. முலைக்காம்பில் ஒட்டியிருக்கும் குட்டியை இழுத்து எடுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கேள்வி: வயதான அம்மா அப்பாவால் அதிகம் நடக்க முடியாது. அவர்களுக்கு என்ன இருக்கிறது?

சீ ஏக்கர்ஸ் மழைக்காடு. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய 1.3 கிலோமீட்டர் மரப்பாதை, சக்கர நாற்காலியும் போகும். கடலோரத்தில் இப்படிப்பட்ட மழைக்காடு மிச்சமிருப்பது அபூர்வம். பிரஷ் டர்க்கி என்ற கறுத்த பறவை காலால் சருகைக் குவித்து மேடு கட்டி, அந்தச் சூட்டில் முட்டையைப் பொரிக்க வைப்பதைப் பார்க்கலாம். பெரிய உடும்புகளும் வெயில் காயும்.

இன்னும் சுலபம் ஆற்றோர அலைதடுப்புச் சுவர். மக்கள் வண்ணம் தீட்டிய பாறைகள் வழி நெடுக இருக்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்தால் டால்ஃபின் வரும், கூழைக்கடா வரும். வெண்வயிற்றுக் கடற்கழுகும் வட்டமிடும். அது நம் ஊர்க் கடற்கரையிலும் உள்ள அதே பறவை. என் அப்பா அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அந்த ஊரோடு ஒட்டினார்.

கேள்வி: இருட்டிய பிறகு பார்க்க ஏதாவது உண்டா?

நிறைய. சாயங்காலம் கூலூன்பங் கிரீக் பூங்காவிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பும். நகர மையத்திலேயே இருக்கும் பூங்கா அது. கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதீர்கள். ரேபிஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் சிலவற்றில் உண்டு. அதற்கும் வயர்ஸை அழைக்கலாம்.

நண்பரின் வீட்டுக் கூரையில் யாரோ நடப்பது போலக் கேட்டால் அது போஸம் (possum) என்ற, ராத்திரியில் நடமாடும் மரவிலங்கு. டார்ச்சில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு கொல்லையைப் பாருங்கள், வெள்ளை வெளிச்சம் அவற்றின் கண்ணைக் கூச வைக்கும். பட்ட கிளை போலவே அசையாமல் உட்காரும் தவளைவாயன் பறவையும் அகப்படலாம்.

கேள்வி: குக்கபராவுக்கும் கங்காருவுக்கும் ரொட்டி போடலாமா?

போடாதீர்கள். கங்காருவுக்கு ரொட்டி மாதிரி மென்மையான உணவு தாடையில் நோயை உண்டாக்கும். மீன்கொத்தி இனத்துக் குக்கபரா, சுட்ட இறைச்சியின் ருசி கண்டுவிட்டால் அடுத்த குடும்பத்தின் தட்டிலிருந்து பறிக்கும். மிச்சச் சோற்றைக் காக்கைக்கு வைக்கும் பழக்கத்தை ஊரிலேயே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பாம்பு, சிலந்தி என்று பயமாக இருக்கிறது.

பாதையை விட்டு விலகாமல், மூடிய ஷூவோடு நடந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பாம்பைக் கண்டால் நின்று வழி விடுங்கள். கடித்துவிட்டால் கழுவக் கூடாது. கடிபட்ட கை காலை அழுத்தமாக பேண்டேஜ் சுற்றி, அசைக்காமல் வைத்து, 000 அழைக்க வேண்டும். நான் அதிகம் எச்சரிப்பது உண்ணியைப் பற்றித்தான். இந்தக் கரையில் பக்கவாதம் உண்டாக்கும் உண்ணி இருக்கிறது. புதர்ப் பக்கம் போய் வந்தால் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குளில் பாருங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மேக்பை கூட்டைக் காக்கப் பாய்ந்து வரும். தொப்பி போட்டு, கையை வீசாமல் நடந்து கடந்துவிடுங்கள்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா?

சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கொடி இல்லையென்றால் இறங்காதீர்கள். அமைதியாகத் தெரியும் நீர்ப்பகுதிதான் பல சமயம் உள்ளே இழுக்கும் நீரோட்டம். வடகிழக்குக் காற்று அடித்தால் ப்ளூபாட்டில் என்ற நீல நிறக் கடலுயிர்கள் கரை ஒதுங்கும். கொட்டினால் கடல்நீரால் கழுவி, தாங்கும் சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். வினிகர் வேண்டாம்.

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால் நாள் வீண்தானா?

இல்லை. சீ ஏக்கர்ஸுக்கு மழையில்தான் அழகு. தவளைகள் பாடும், கூட்டமும் இருக்காது. மரப்பாதை வழுக்கும், அதனால் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். அட்டை ஏறலாம், சாக்ஸை பேண்டின் மேல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். மழை விட்டதும் நேராக டாக்கிங் பாயின்டுக்குப் போங்கள். காற்று நின்று கடல் படிந்திருந்தால் ஊற்றுகள் தூரத்திலேயே தெரியும்.